மண் தின்னும் குழாய்கள்

கண்டி நகரை உடவத்தகலைக் காட்டு மேட்டிலிருந்தோ, தெற்கே ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையின் ஒரு திருப்பத்திலிருந்தோ நோக்குகிறவர்கள், நடுவில் வாவியும், அதன் கரையில் தலதா மாளிகையும், சுற்றிலும் ஒன்றன் தலைக்குமேல் ஒன்றாக ஏறிச் செல்லும் வீடுகளும் கூடிய அந்தக் காட்சியின் வனப்பில் மனம் தோய்ந்து திரும்புவார்களேயன்றி, அந்த வீடுகளில் நாள்தோறும் குளித்த நீரும், சட்டி பானை கழுவிய நீரும், மலசலகூடத்து நீரும் எந்த வழியாக எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாததில் குற்றமுமில்லை, அவ்வழி கண்ணுக்குப் புலப்படாதபடி தரைக்குக் கீழே மறைக்கப்பட்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தில் அமைந்த நகரமாதலால், இங்கே சிந்தப்படும் நீருக்குப் போக்கிடம் அதிகமில்லை: அது வாவியை அடைய வேண்டும், அல்லது வாவியின் வடிகாலில் தொடங்கி நகரின் நடுவே மேற்கு நோக்கி ஓடும் மெத எல என்னும் கால்வாயில் இறங்கி, கெட்டம்பேயில் மகாவலி கங்கையோடு கலக்க வேண்டும்.

வீடு வாங்க வருகிறவர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணியிடம் காட்டுகிறார். தரைக்குக் கீழே கிடக்கும் கழிவுநீர்க் குழாயின் வயது என்ன என்று கேட்பவர் அபூர்வம். அக்குழாய் பழுதுபட்டால் என்ன நேரும் என்று வினவினால், அழுக்கு நீர் கசியும், துர்நாற்றம் வீசும், கிணறு கெடும், நோய் பரவும் என்று எவரும் சொல்வர். அத்தனையும் உண்மையே. ஆயினும் மலைச்சரிவில் கட்டிய வீட்டைப் பொறுத்தவரை, குழாயிலிருந்து வெளியே போவதைக் காட்டிலும் குழாய்க்குள்ளே வருவதுதான் பெரிய அபாயம் என்பது என் துணிபு. உள்ளே வருவது மண். வெடித்த குழாய் தன்னைச் சூழ்ந்த மண்ணைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, நீரோடு கலந்து கீழே அனுப்பிவிட்டு, வீட்டின் அடியில் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், நிகழ்ந்தபின் செய்யத்தக்கது யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குழாயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சுட்ட மண்ணால் நீர்வழி அமைக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. வைகைக் கரையில் கீழடி அகழாய்விலும் சுடுமண் குழாய்கள் கிடைத்தன. எனினும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களின் கீழே நாம் இன்று தோண்டி எடுக்கும் பளபளப்பான பழுப்பு நிறக் குழாய்களின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது. தேநீர்க் கோப்பைகளின் அடியில் நாம் பெயர் படித்திருக்கும் டௌல்ற்றன் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி டௌல்ற்றன் என்பவர், 1846இல் லாம்பெத் என்னுமிடத்தில் கழிவுநீர்க் குழாய்களுக்கென்றே ஒரு தொழிற்சாலையை நிறுவினார். சூளை கடும் வெப்பத்தை எட்டியதும் அதற்குள் சாதாரண உப்பை எறிவார்கள். ஆவியாகும் உப்பிலுள்ள சோடியம், களிமண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து, குழாயின் உள்ளும் புறமும் கண்ணாடி போன்ற பூச்சாகப் படியும். அமிலமோ காரமோ அப்பூச்சை எளிதில் தீண்டுவதில்லை. இனிக் கண்டியின் பக்கம் திரும்பினால், 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மாநகர சபை ஏற்பட்டது. 1867இல் கொழும்பிலிருந்து இரயில் வந்தது. இக்குழாய்கள் போன்ற பாரமான சரக்குகள் மலையேறும் வழி அதனால் சுலபமாயிற்று.

இந்தக் குழாயின் விசித்திரம் என்னவென்றால், அதன் உடல் ஏறக்குறைய அழிவற்றது. அதன் மூட்டோ மிகவும் பலவீனமானது. பழைய மண் குழாய்கள் இரண்டு அடி, மூன்று அடி நீளமான துண்டுகளாகவே வந்தன. ஒரு துண்டின் அகன்ற வாய்க்குள் அடுத்த துண்டின் முனையைச் செருகி, இடைவெளியில் தார் தோய்த்த சணல் புரியை இறுக்கி, அதன்மேல் சீமெந்துக் கலவையைப் பூசி மூடுவார்கள். குளியலறையிலிருந்து முற்றத்துத் தொட்டி வரை நாற்பது அடி தூரம் என்றால், இரண்டடித் துண்டுகளில் ஏறக்குறைய இருபது மூட்டுகள். சணல் சில ஆண்டுகளில் மக்கிப் போகும், சீமெந்து வளையாது. மண்ணோ ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் வஸ்துவன்று. மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, சரிவில் வருஷந்தோறும் மயிரிழையளவேனும் கீழ்நோக்கி ஊர்ந்துகொண்டேயிருப்பது. வளையாத மூட்டும் நகரும் மண்ணும் நெடுங்காலம் ஒத்துவாழ முடியாது; முதலில் விட்டுக்கொடுப்பது மூட்டுத்தான். அந்த வெடிப்பின் வழியே கசியும் ஈரத்தை நாடி அரசமும் ஆலும் பலாவும் தம் வேர்களைச் செலுத்துகின்றன. நூலினும் மெல்லிய நுனி உள்ளே புகுந்தபின், நீரும் உணவும் குறைவின்றிக் கிடைப்பதால், நீரோட்டத்தின் திசையிலேயே சடைசடையாக வளர்ந்து, தான் நுழைந்த வெடிப்பையும் பருத்து அகலமாக்குகிறது. வேலியோரத்தில் அரசங்கன்று முளைத்தால் அதை வெட்டக் கை கூசும் ஊர் இது. பக்திக்குக் குறைவு நேராமல் குழாயை வேறுவழியாகத் திருப்பிக்கொள்வதே உசிதம் என்று அனுபவமுள்ள மேசன் பாஸ்மார் சொல்வர்.

இனி நீரோட்டத்தின் சுபாவத்தைக் கவனிப்போம். கழிவுநீர்க் குழாய் அழுத்தத்தால் இயங்குவதன்று. சாய்வினால் மட்டுமே இயங்குவது. திடப்பொருள்கள் படியாமல் அடித்துச் செல்லப்படுவதற்கு நீர் விநாடிக்கு முக்கால் மீற்றர் அளவிலாவது ஓட வேண்டும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பிரமாணம். நான்கங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று என்ற சாய்வு விகிதங்கள் பழைய கைத்தொழிலாளரும் மனப்பாடமாக வைத்திருந்தவை. அயர்லாந்துப் பொறியியலாளரான றொபேர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தின்படி, நாற்பதுக்கு ஒன்று சாய்ந்த நான்கங்குல மண் குழாய் நிறைந்து ஓடும்போது நீரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். அதே குழாய் பாதியளவே நிறைந்து ஓடினாலும் வேகம் அதேதான். நீரின் அளவு பாதியாகும்போது, அது உராயும் குழாய்ச் சுவரின் அளவும் சரிபாதியாகிவிடுகிறது. வேகம் சாய்வின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதும் அச்சூத்திரத்திலிருந்து தெரிவதே; சாய்வு நான்கு மடங்காக வேண்டும், வேகம் இரண்டு மடங்காவதற்கு.

சமதரை நகரங்களில் சாய்வு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கண்டியிலோ சாய்வு மிகுதி. மலை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு செங்குத்தாகக் குழாயையும் படுக்கவைத்துவிட்டால், குழாய் தன் சொந்தப் பாரத்தாலேயே கீழ்நோக்கி வழுக்கி, மேலுள்ள மூட்டுகளை இழுத்துப் பிரித்துவிடும். ஆதலால் அங்கங்கே கொங்கிறீற் கட்டைகளால் குழாயைத் தாங்கிப் பிடிப்பதும், உயர வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தில் ஒரு தொட்டி கட்டி, அதற்குள் நீரை நேர்குழாய் வழியே இறக்கி, மறுபடி மிதமான சாய்வில் தொடர்வதும் முறையான வழிகள். ஏதேனும் ஒரு பகுதி அமிழ்ந்து தொய்ந்துபோனால், மற்ற இடமெல்லாம் செங்குத்தாயிருந்தும் பயனில்லை. அந்தத் தொய்வில் நீர் தேங்கும், சேறு படியும்.

குசினிக் குழாய்க்குக் கண்டியில் இன்னுமொரு சங்கடம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையும். கொழும்பில் போத்தலுக்குள் எப்போதும் தெளிந்த திரவமாகவே நிற்கும் எண்ணெய், கண்டியில் மார்கழி தை மாதக் காலைகளில் வெள்ளையாக இறுகி, வெயிலில் வைத்தாலன்றி வெளியே வராது. கண்டியின் வருடச் சராசரி வெப்பநிலை அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது; நிலத்தடிக் குழாயின் வெப்பமும் அச்சராசரியைச் சார்ந்தது. தேங்காய்ப்பால் கறியும் பொரியலும் சமைத்த சட்டிகளைச் சுடுநீரில் கழுவியவுடன் இளகி ஓடும் கொழுப்பு, சில அடி தூரம் சென்றதும் குளிர்ந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் நீரிலும் சீமெந்திலுமுள்ள கல்சியத்தோடு கூடி, கரையாத ஒருவகைக் கடினச் சவர்க்காரமாக மாறுகிறது. அதன்மேல் கொதிநீர் ஊற்றுவதால் பெரும் பலன் இல்லை. அடைப்பு சில அடி கீழே தள்ளிப் போடப்படுகிறது, அவ்வளவே. குசினி நீர் மற்றக் குழாயோடு சேருமுன் ஒரு சிறு கொழுப்புத் தொட்டியில் தங்கிச் செல்லும்படி அமைப்பது எளிது. பெரும்பாலான வீடுகளில் அது இல்லை.

முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். கண்டிப் பிரதேசத்தின் அடித்தளம் மிகப் புராதனமான உருமாறிய பாறைகளாலானது. நைஸ், சார்னொக்கைற், குவாட்சைற், இடையிடையே பளிங்குச் சுண்ணக்கல். இவை பல்லாயிரம் ஆண்டுகளாக மழையிலும் வெப்பத்திலும் சிதைந்து, மணலும் வண்டலும் அபிரகமும் களியும் கலந்த செம்மண்ணாக மாறி, பாறையின்மேல் போர்த்திக் கிடக்கின்றன. உலர்ந்திருக்கும்போது மண்வெட்டி பாயாத அளவுக்குக் கடினமாயிருக்கும் இந்த மண், நீரோட்டம் பட்டால் அதிலுள்ள நுண்மணலையும் வண்டலையும் சுலபமாக இழந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் கண்டிக்கு மழை தருகின்றன; இடைப்பட்ட ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பிற்பகல் தோறும் இடியோடு கொட்டும் மழையே எல்லாவற்றிலும் கனமானது. அக்காலத்தில் சரிவின் மண் நீரால் நிறைந்து, நிலத்தடி நீர் குழாயின் மட்டத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. குழாய்க்குள் பெரும்பாலும் காற்று. வெளியே அழுத்தமுள்ள நீர். வெடித்த மூட்டின் வழியே நீர் உட்புகுகிறது. புகும்போது நுண்மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. உள்ளே வந்த மண்ணைக் குழாயின் ஓட்டம் உடனே அடித்துச் சென்றுவிடுவதால், மூட்டின் வாயில் மண் அடைத்துக்கொண்டு கசிவு தானாக நின்றுபோவதற்கும் வழியில்லாமற் போகிறது. வறண்ட மாதங்களில் ஓட்டம் எதிர்த்திசையில் மாறுகிறது. கழிவுநீர் வெளியே கசிந்து, சுற்றியுள்ள மண்ணை இளக்கி, அடுத்த மழைக்காலத்தில் வாரப்படுவதற்குப் பக்குவப்படுத்தி வைக்கிறது.

இவ்வாறு மூட்டைச் சுற்றி ஒரு வெற்றிடம் பிறந்து, ஆண்டுதோறும் மேல்நோக்கி வளர்கிறது. அதன் கூரையாக நிற்கும் மண், வில்வளைவுபோல் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் இயல்புடையதாகையால், தரையில் யாதொரு குறியும் தோன்றாமல் பல ஆண்டுகள் கழியக்கூடும். கறையான் அரித்த உத்தரம் வெளிப் பூச்சுக் குலையாமல் நிற்பதைப்போல, மேலே சீமெந்துத் தரை வழுவழுவென்று இருக்கும். வளைவின் அகலம் ஓர் எல்லையைத் தாண்டும் அன்றுதான் தரை அமிழும், அல்லது சுவரில் படிக்கட்டு வடிவில் வெடிப்பு ஓடும். சுவருக்குப் பூச்சுப் பூசி வெடிப்பை மறைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. நோயின் முதற்குறியை அழித்துவிட்டு நோய் தீர்ந்ததாகக் கருதும் மடமை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

வெளியே கசியும் நீர் செய்யும் கேடும் சரிவில் வேறுவிதமானது. மண்ணின் பலம் அதன் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதால் பிறப்பது. துணிக்கைகளுக்கு இடையே நீர் நிறையும்போது, மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கத் தொடங்குகிறது, அந்த அளவுக்குத் துணிக்கைகளின் அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, ஆனால் சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் பாரமோ சிறிதும் குறைவதில்லை. கார்ள் தெர்சாகி 1925இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இந்தத் தத்துவத்தின்மீதே நவீன மண்ணியற் பொறியியல் முழுவதும் எழுந்தது. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார், சரிவிலுள்ள வீட்டுக்காரர் நீரை மண்ணுக்குள் தேங்கவிடாமல் வடிகான் வழியே அப்புறப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே. மழைநீருக்குப் பீலியும் வடிகானும் அமைத்துவிட்டு, அடித்தளத்தின் கீழே இரவும் பகலும் குழாய் கசியவிடுவது என்ன புத்தி? மேல்தட்டு வீட்டாரின் குழாயே கீழ்தட்டு வீட்டாரின் மதிலுக்குப் பின்னால் கசிகிறதென்றால், கேடு ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் ஆகிறது. அத்தகைய வழக்குகளில் பொறியியலைவிட அயலாரின் சௌஜன்யமே அதிகம் தேவைப்படும்.

கசிந்தது மண்ணோடு நிற்பதுமில்லை. 1999இல் கண்டி வாவியின் மேற்பரப்பு பச்சைக் குழம்பாக மாறிற்று. மைக்குரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரி அளவிறந்து பெருகியதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். இவ்வுயிரிகள் பெருகுவதற்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் நகரத்தின் கழிவில் தாராளமாக உள்ளன. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த அந்த வாவியிலிருந்து வழியும் நீர் மெத எலவாகி, வழியிலுள்ள வீடுகளும் கடைகளும் தருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு மகாவலியில் சேர்கிறது; ஆற்றின் போக்கில் கீழே கட்டுகஸ்தோட்டையில் குடிநீருக்கு நீர் எடுக்கிறார்கள்; அதற்கும் கீழே பொல்கொல்லையில் 1976 முதல் ஆற்றின் ஒரு பகுதி சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, வரண்ட பிரதேசத்து வயல்களுக்குப் போகிறது.

இந்த நிலையை மாற்றும் பொருட்டு, ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2010இல் செய்துகொண்ட கடன் உடன்படிக்கையின் உதவியால், கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டத்தைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மேற்கொண்டது. வீதிகளின் கீழே புதிய குழாய்கள் பதிக்கப்பட்டு, நகரத்துக் கழிவு கன்னொறுவையில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலுத்தப்படுகிறது. 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த அதே கன்னொறுவைதான். நாளொன்றுக்கு 14,000 கனமீற்றர் கழிவுநீரை ஏற்கத்தக்கதாக வகுக்கப்பட்ட அந்நிலையம், ஒல்லாந்தைச் சேர்ந்த பஸ்வேர் என்பவர் 1954இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வளைய வாய்க்கால் முறையைப் பின்பற்றுகிறது: முடிவின்றிச் சுற்றிவரும் வாய்க்காலில் கழிவுநீருக்குக் காற்றூட்டினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கையே உணவாகக் கொண்டு நீரைத் தெளிவிக்கும். ஆனால் வீதிக்குழாய் எவ்வளவு புதிதாயினும், அதனோடு வந்து சேரும் வீட்டுக்குழாய் பழையதாகவே இருந்தால், ஐப்பசி மழையின் நிலத்தடி நீரும், அது வாரிவரும் மண்ணும் அதன் வழியே புகுந்து, கழிவுக்கென்று கணக்கிட்ட கொள்ளளவை நிரப்பிவிடும். சிக்கனம் கருதிக் கூரைப் பீலியையும் கழிவுநீர்க் குழாயில் செருகிவிடுகிற வீட்டுக்காரர் இத்தீங்கைப் பன்மடங்காக்குகிறார். வீதிக்கு வந்துவிட்ட வசதியைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறவர் முதலில் தம் வீட்டின் அடியைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான பரீட்சை வழங்கிற்று. கூரைக்கு மேலே நீண்ட காற்றுக் குழாயில் பெப்பர்மின்ற் எண்ணெயைச் சுடுநீரோடு ஊற்றிவிட்டு, வீட்டுக்குள்ளே இன்னொருவர் அறை அறையாக முகர்ந்து பார்ப்பார். எங்கே மணக்கிறதோ அங்கே ஓட்டை. எண்ணெய் ஊற்றியவர் மட்டும் பரீட்சை முடியும் வரை வீட்டுக்குள் வரக்கூடாது; அவருடைய உடையிலேயே அந்த மணம் ஏறியிருக்கும். இன்றைக்குச் சாயமும் புகையும் கமராவும் இவ்வேலையைச் செய்கின்றன. புளுரசீன் என்னும் சாயம் மிகச் சிறிய அளவிலும் பச்சையாக ஒளிர்வது. 1877இல் ஜேர்மனியில் தன்யூப் ஆறு நிலத்துக்குள் மறையும் இடத்தில் பத்துக் கிலோ அளவில் அதன் உப்பைக் கரைத்துவிட, இரண்டு மூன்று நாளில் அது பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் ஆக் என்னும் ஊற்றில் பச்சையாக வெளிப்பட்டது. மலசலகூடத்தில் ஒரு சிட்டிகை இட்டு, கீழ்மதிலின் கசிவுத் துளைகளைக் கவனித்தாலே பல ஐயங்கள் தீரும். இன்னும் எளிய முறை, குழாயின் கீழ்வாயை அடைத்து, மேலே ஓரளவு உயரத்துக்கு நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று அரைமணி நேரம் பார்ப்பது. கமரா, வெடிப்பு இருக்குமிடத்தையும் வேர் நுழைந்த இடத்தையும் காட்டும். வெளியே மண் இல்லாமற் போயிருப்பதை அது காட்டாது. அதற்குத் தரையைத் தட்டிக் கேட்கும் காதுதான் வேண்டும்.

பழுதைத் தீர்க்க இரண்டு மார்க்கங்கள் உள்ளன. தோண்டாமல் செய்வது ஒன்று: 1971இல் லண்டனின் ஹக்னிப் பகுதியில் எரிக் வூட் என்பவர், பிசின் ஊறவைத்த துணிக் குழலைப் பழைய சாக்கடைக்குள் செலுத்தி, விரித்து, இறுகச் செய்து, பழைய குழாய்க்குள்ளேயே மூட்டற்ற புதுக் குழாயை உண்டாக்கிக் காட்டினார். இவ்வுபாயம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. வாகன நெரிசலுள்ள வீதியின் கீழே அதற்கு இணையில்லை. ஆனால் தொய்ந்த குழாய்க்குள் விரித்த புதுக் குழலும் தொய்ந்தே கிடக்கும். வெளியே உண்டான வெற்றிடமும் நிரப்பப்படாமல் அப்படியே இருக்கும். சரிவிலுள்ள பழைய வீட்டுக்கு, செலவும் தொல்லையும் எத்தனையாயினும், தரையை உடைத்துத் தோண்டிப் பார்ப்பதையே நான் விரும்புவேன். மண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது அப்போதுதான் தெரியும்.

தோண்டுவதற்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரையுள்ள மழை குறைந்த மாதங்கள். மழைக்காலத்தில் அடித்தளத்தின் ஓரமாகப் பள்ளம் வெட்டுவது வீட்டையே பணயம் வைப்பதாகும். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்து போடாமல், சிறு சிறு பகுதியாக வெட்டி, குழாய் பதித்து, மூடி, பிறகு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பதிப்பதும் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கியே நடைபெற வேண்டும். பள்ளம் அத்திவாரத்தைவிட ஆழமாகி, அதற்கு ஒரு மீற்றருக்குள் வருமானால், அத்திவாரத்தின் மட்டம் வரை கொங்கிறீற் இட்டு நிரப்புவது விதி. புதுக் குழாய் பெரும்பாலும் பீ.வீ.சீ. குழாயாகவே இருக்கும், அதன் பெருஞ்சிறப்பு நீளமும், இறப்பர் வளையம் பொருத்திய மூட்டும். துண்டுகள் நீளமாதலால் மூட்டுகள் குறைவு. வளையம் நெகிழ்வதால் மண் சிறிது அசைந்தாலும் கசிவதில்லை. சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சீமெந்தால் இறுக்கிக் கட்டிவிடும் வழக்கம் பெருந்தவறு. சுற்றிலும் இடைவெளி விட்டு, சுவரின் பாரத்தை மேலே ஒரு சிறு உத்தரத்தில் ஏற்றி, இருபுறமும் அரையடி ஓரடித் தூரத்தில் நெகிழும் மூட்டுகளை வைத்தால், வீடு அமிழ்ந்தாலும் குழாய் முறியாது. திரும்பும் இடந்தோறும் மூடியுள்ள தொட்டி ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிடின் அடுத்த அடைப்புக்கு மறுபடியும் தரையை உடைக்க நேரும்.

குழாய்க்கு மெத்தையாக இடும் மணலிலும் சரிவுக்கென்று ஒரு சூட்சுமம் உண்டு. சமதரையில் மணற்படுக்கை குழாயைத் தாங்குவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். செங்குத்தான பள்ளத்திலோ, நீரை எளிதில் விடும் அந்த மணலே ஓர் இரகசிய வாய்க்காலாகி, மேலிருந்து வரும் மழைநீரையெல்லாம் குழாயின் அடியாகக் கொண்டுபோய், மணலையும் அரித்து, வெற்றிடத்தை மறுபடி உண்டாக்கிவிடும். ஆகையால் சில மீற்றர்களுக்கொரு முறை பள்ளத்தின் குறுக்கே களிமண்ணாலோ கொங்கிறீற்றாலோ ஒரு தடுப்புக் கட்ட வேண்டும். இதைச் சொல்லாமலே செய்கிற மேசன் பாஸ் கிடைத்தால் அவரைக் கைவிடக் கூடாது.

பழைய தொட்டியையோ மலக்குழியையோ திறக்கும்போது எவரையும் அதற்குள் இறங்கவிடலாகாது. அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு சிறிதளவில் அழுகிய முட்டையாக நாறும். அளவு மிகும்போது மோப்ப சக்தியையே மழுங்கச் செய்து, நாற்றம் தீர்ந்துவிட்டது என்ற மயக்கத்தை உண்டாக்கிக் கொல்லும். இதே வாயுவைக் குழாயின் மேற்சுவரில் வாழும் பக்ரீறியா கந்தக அமிலமாக மாற்றிக் கொங்கிறீற்றைக் கரைத்துவிடுகிறது என்பதை மெல்பேணில் பார்க்கர் என்பவர் 1945இல் காட்டினார். கண்டியின் அழுக்கை நெடுங்காலம் கையால் அகற்றியவர்கள், மாநகர சபையின் துப்புரவுப் பணிக்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மஹியாவையில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர் சந்ததியாரும் ஆவர். நகரத்தின் சுகாதாரத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை எந்த அறிக்கையும் கணக்கிட்டதாகத் தோன்றவில்லை. கலி பவுசர் என்னும் உறிஞ்சு வண்டி செய்யக்கூடிய வேலைக்கு மனிதனை இறக்குவதற்கு இன்று எவ்வித நியாயமும் இல்லை.

புதுக் குழாய் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. பழைய குழாயைத் தோண்டி எடுக்க இயலாத இடங்களில், அது அப்படியே மண்ணுக்குள் விடப்படுகிறது; வீட்டுக் கழிவு அதில் வருவதில்லையாயினும், நிலத்தடி நீர் அதன் மூட்டுகளை மறந்துவிடுவதில்லை. பயனற்ற குழாய் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண்ணை விழுங்கிக்கொண்டேயிருக்கும். அதன் கீழ்வாய் திறந்திருந்தால் விழுங்கியதை வெளியேற்றியும் விடும். அதன் கீழ்முனையை முதலில் அடைத்து, மேல்முனையிலிருந்து இளகிய சீமெந்துக் கலவையை ஊற்றி, இடைத் தொட்டிகளில் கலவை எழும்வரை நிரப்பி, பின்பு மேல்முனையையும் மூட வேண்டும். வீதிக்குழாயோடு இணைந்துகொண்ட வீட்டில் பழைய மலக்குழியையும் முற்றாக உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பிட்டு, நீர் தேங்காதபடி அடியை உடைத்து, கல்லும் மண்ணும் இட்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். குழாய் எவ்வழியாக எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை தரையை உடைப்பவருக்கு எங்கே உடைப்பது என்றாவது தெரியும்.